படகுக்காகக் கட்டிய கரை

தமிழகத்தில் சுமார் 39,000 ஏரிகள் உள்ளன என்பது நீர்வளத் துறையினர் வழக்கமாகக் கூறும் கணக்கு. அவற்றுள் ஏறத்தாழ எல்லாமே வயலுக்காகத் தோன்றியவை. கரை, மதகு, கலிங்கு, ஆயக்கட்டு ஆகிய நான்கு சொற்களுக்குள் ஒரு சிற்றூரின் பொருளாதாரமே அடங்கிவிடும். மழை பெய்தால் கரை தேக்கும். மதகு திறந்தால் வயல் விளையும். மிஞ்சிய நீர் கலிங்கின் வழியாக அடுத்த ஏரிக்குப் போகும். கரையை யார் காக்க வேண்டும் என்ற கேள்விக்கும் இந்த அமைப்பிலேயே விடை இருந்தது. நீரால் பயன் பெறுபவர் காக்க வேண்டும்.

இந்த வழக்கத்துக்குச் சற்றும் பொருந்தாத கரை ஒன்று பழனி மலையின்மீது, கடல் மட்டத்திலிருந்து சுமார் 7,000 அடி உயரத்தில் இருக்கிறது. நெல்லுக்குப் பாய்ச்சும் நோக்கமின்றி, ஓடம் மிதக்க வேண்டும், மீன் வாழ வேண்டும், கண்ணுக்குக் குளிர்ச்சி வேண்டும் என்பதற்காக எழுந்த கரை அது. கொடைக்கானல் ஏரியின் கரையைத்தான் சொல்கிறோம். நீண்ட வார விடுமுறை வந்தால் பெங்களூரின் எலெக்ட்ரானிக் சிட்டியிலிருந்து புறப்படும் வாகனங்களில் கணிசமானவை அந்த ஏரியை நோக்கித்தான் போகின்றன. அங்கே படகில் அமர்ந்து துடுப்புப் போடுபவர்களில் பலர் அது இயற்கையாக அமைந்த ஏரி என்றே எண்ணுகின்றனர். உண்மையில் அது ஒரு சிற்றணையின் பின்னே தேங்கிய நீர். அணையின் வயது 160 ஆண்டுகளுக்கு மேல்.

பழனி மலையின் மேற்பகுதியை 1821இல் லெப்டினன்ட் வார்டு என்ற ஆங்கிலேய அதிகாரி நிலஅளவை செய்தார். அடுத்த கால் நூற்றாண்டு வரை வெளியார் எவரும் அங்கே நிலையாகக் குடியேறவில்லை. மதுரைச் சமவெளியின் வெப்பத்திலும் நோயிலும் தம் குடும்பத்தினரைப் பறிகொடுத்த அமெரிக்க மிஷனரிகள் 1845இல் மலைமீது இரண்டு வீடுகளைக் கட்டிக்கொண்டனர். அவற்றைச் சுற்றியே கோடை வாசத்தலம் வளர்ந்தது. ஊருக்கு நடுவே இருந்த பள்ளத்தாக்கில் அக்காலத்தில் ஏரி இல்லை. சோலைகளிலிருந்து இறங்கிய ஓடைகள் கூடிய சதுப்பு நிலமே அங்கு இருந்தது.

1860களில் மதுரை மாவட்ட ஆட்சியராக இருந்தவர் வேர் ஹென்றி லெவிஞ்ச், அயர்லாந்தின் பழைய குடும்பமொன்றைச் சேர்ந்தவர். அந்தப் பள்ளத்தாக்கில் மூன்று ஓடைகள் சேர்வதையும், சேர்ந்த நீர் ஒரு குறுகிய வாய் வழியாக வெளியேறுவதையும் அவர் கண்டார். அந்த வாயில் ஒரு கரையை எழுப்பினால் போதும். 1863இல் கரை எழுந்தது. நீர் பின்வாங்கி ஒவ்வொரு பக்கப் பள்ளத்துக்குள்ளும் நுழைந்தது. விண்மீன் வடிவ ஏரி என்று வழிகாட்டிகள் புகழும் அந்த உருவத்தை எவரும் வரைபடத்தில் வரைந்து வெட்டவில்லை. மலைச்சரிவுகளுக்கிடையே இருந்த ஓடைப் பள்ளங்களே விண்மீனின் கைகளாயின. ஏரியைச் சுற்றி நடப்பவர், நிலஅளவையாளர் வரைபடத்தில் ஒரே உயரமுள்ள புள்ளிகளை இணைத்து இழுக்கும் கோட்டின்மீது நடக்கிறார் என்று சொன்னால் மிகையாகாது. நீர்ப்பரப்பு சுமார் 60 ஏக்கர். சராசரி ஆழம் ஏறத்தாழ 3 மீட்டர். அணைகளின் கணக்கில் இது மிகச் சிறியது. படகுக்கோ இதுவே தாராளம். பயணிகள் ஏறிய துடுப்புப் படகு ஒன்று மிதக்க முழங்கால் அளவு நீர் இருந்தாலே போதும்.

கரையைப் பலப்படுத்துவதற்கும் ஏரியில் மீன் விடுவதற்கும் லெவிஞ்ச் தம் சொந்தப் பணத்தைச் செலவிட்டார் என்று கொடைக்கானலின் வரலாறு குறிக்கிறது. ஏரியின் முதல் படகையும் அவரே தூத்துக்குடியிலிருந்து வரவழைத்தார். பணி ஓய்வுக்குப் பின் 1867இல் அங்கேயே குடியேறி, 1885இல் மறையும் வரை அவ்வூரையே தம் ஊராகக் கொண்டார். ஆட்சியராக இருந்தபோது செய்த செலவில் பதவியின் செல்வாக்கும் கலந்திருக்கும். எவரும் மறுக்க இயலாது. எனினும், வரி வருவாய் ஒரு காசும் தராத ஏரிக்குக் கரை கட்டுவதென்பது அக்காலத்து அரசுக் கணக்கில் எளிதில் நுழையக்கூடிய செலவன்று. பாசன ஏரியானால் தீர்வை கூடும். படகு ஏரியால் எது கூடும்?

தூத்துக்குடிப் படகைப் பற்றிச் சற்று நின்று எண்ணிப் பார்க்க வேண்டும். கடற்கரையிலிருந்து மலையடிவாரம் ஏறத்தாழ 200 கிலோமீட்டர். ஏரி உருவான காலத்தில் மதுரைக்கு இருப்புப்பாதை வரவில்லை. இரயில் 1875இல்தான் வந்தது. மாட்டுவண்டிகள் பெரியகுளத்தை அடுத்த கிருஷ்ணம்ம நாயக்கன் தோப்பு வரை செல்லும். அங்கிருந்து மேலே பத்துக் கல்லுக்கு மேற்பட்ட செங்குத்தான ஒற்றையடித் தடம். 1910களின் நடுவில் மோட்டார் சாலை அமையும் வரை அந்தத் தடத்தில் மேலே போன எதுவும் மனிதத் தோளிலோ மட்டக்குதிரையின் முதுகிலோதான் போயிற்று. துரைமாரும் துரைசானிமாரும் நாற்காலிகளிலும் டோலிகளிலும் சுமக்கப்பட்டனர். கரையைக் கட்டச் சொன்னவரின் பெயர் ஊரெங்கும் இருக்கிறது. மண் சுமந்து கரையை உயர்த்தியவர்களின் பெயர்களும், மலையேறிச் சுமை தூக்கியவர்களின் பெயர்களும் எந்தக் கல்லிலும் இல்லை.

படகைத் தோளில் சுமப்பது நமக்கு விந்தையாகத் தோன்றலாம். வட அமெரிக்காவின் காட்டு ஏரிப் பகுதிகளில் அதுவே பயண முறை. அங்கு பூர்வகுடி மக்கள் மரப்பட்டையால் கட்டிய கனூ என்னும் இலகுவான ஓடத்தில் ஏரிக்கு ஏரி செல்வர். இரண்டு ஏரிகளுக்கிடையே நிலம் குறுக்கிட்டால் ஓடத்தைத் தலைக்குமேல் கவிழ்த்துச் சுமந்து கடப்பர். பிற்காலத்தில் மரம் வெட்டும் நிறுவனங்கள் அப்பகுதிகளில் சிற்றணைகளைக் கட்டின. வெட்டிய மரங்களை ஆற்று வெள்ளத்தில் மிதக்கவிட்டு அனுப்பவே அவை எழுந்தன. மரத்தொழில் போய்விட்டது, அணைகள் சில நின்றன. அமெரிக்காவின் மெய்ன் மாநிலத்தில் அலகாஷ் ஆற்றின் தலைப்பில் உள்ள சர்ச்சில் அணை அத்தகையது. அந்த ஆற்றை 1966இல் மாநில அரசு காப்புக் காட்டு நீர்வழியாக அறிவித்தது. இன்று அந்த அணைக்கு மரமுமில்லை, வயலுமில்லை. அணைக்குக் கீழேயுள்ள பாறை நிறைந்த நீரோட்டத்தில் கோடையிலும் ஓடங்கள் தட்டாமல் செல்லும்படி நீரை அளந்து விடுவதே அதன் முதன்மையான வேலை. சிதைந்த அணையை அரசு மீண்டும் கட்டியது. 1990களில் மற்றொரு முறை புதுப்பித்தது. மனிதர் கை படாத காடு என்று போற்றப்படும் இடத்தில் அணை எதற்கு என்று கேட்டவர்கள் இருந்தனர். ஓடம் செல்ல வேண்டுமே என்பதே அதற்குக் கிடைத்த விடை.

நம் நாட்டில் படகுக்காக நீரைத் தேக்குவது முற்றிலும் புதிதன்று. பக்கிங்காம் கால்வாயிலும், கோதாவரி டெல்டாவின் கால்வாய்களிலும், கர்நூல்–கடப்பைக் கால்வாயிலும் படகு ஏறி இறங்க நீர்ப்பூட்டுகள் இருந்தன. ஆனால் அவையெல்லாம் சரக்குப் போக்குவரத்துக்காக அமைந்தவை. சுங்கம் வசூலாகும், கணக்கு எழுதலாம்.

கொடைக்கானல் கரை வேறுபடுவது இங்கேதான். பாசன ஏரியின் உயிர் மதகில் இருக்கிறது; படகு ஏரியின் உயிர் கலிங்கில் இருக்கிறது. பாசன ஏரி நிரம்புவதே காலியாவதற்காக. தை மாதத்தில் ததும்பி நின்ற ஏரி சித்திரையில் வெடித்துக் கிடந்தால் அது குறையன்று. நீர் தன் வேலையைச் செய்து முடித்ததென்று பொருள். படகு ஏரியோ ஆண்டு முழுவதும் ஒரே மட்டத்தில் நிற்க வேண்டும். மட்டம் இரண்டு அடி இறங்கினால் விண்மீனின் கைகளில் சேறு தெரியும். படகுத்துறையின் படி நீரைத் தொடாது. ஆகவே இங்கே திறக்கும் வாயைவிட வழியும் விளிம்பே முதன்மை பெறுகிறது. அந்த விளிம்பின் உயரம்தான் ஏரியின் உருவத்தைத் தீர்மானிக்கிறது.

இந்த ஒரு வேறுபாட்டிலிருந்து ஏனைய தொல்லைகள் யாவும் பிறக்கின்றன. வற்றும் ஏரியில் ஆண்டுதோறும் அடிமண் வெளிப்படும். உழவர்கள் வண்டி வண்டியாக வண்டலை அள்ளிச் சென்று வயலில் கொட்டுவர். எருவும் கிடைத்தது, ஏரியும் ஆழமாயிற்று. மாடுகள் புல்லை மேய்ந்துவிடும். எஞ்சிய மீனை ஏலம் விட்டு ஊர்ப்பொதுவில் சேர்ப்பர். நீர்ப்பங்கீட்டைக் கவனிக்க ஒருவர் இருப்பார். தமிழகத்தில் நீர்க்கட்டி, மடையர் என்றும், கர்நாடகத்தில் நீருகண்டி என்றும் அவரை அழைத்தனர். வற்றாத ஏரிக்கு இவற்றுள் ஒன்றுமில்லை. சரிவுகளிலிருந்து இறங்கிய மண் அடியிலேயே தங்கும். களைச்செடி வெயிலையும் சத்தையும் உண்டு பெருகும். ஊரின் கழிவு ஏதேனும் ஓடை வழியே கலந்தால் அதுவும் அங்கேயே நிற்கும். தூர்வார வேண்டுமென்றால் இயந்திரம் வேண்டும். இயந்திரத்துக்குப் பணம் வேண்டும். உழவர் இலவசமாகச் செய்துகொண்டிருந்த வேலைக்குச் செலவுத் தலைப்பு ஒன்றைக் கண்டுபிடிக்க வேண்டியதாகிறது.

படகுக் கழகம் 1890இல் தோன்றியது. நெடுங்காலம் அதன் படகுகள் உறுப்பினருக்கு மட்டுமே உரியவையாக இருந்தன. 1932 முதல் பொதுமக்களும் சுற்றுலாப் பயணிகளும் கட்டணம் செலுத்திப் படகில் ஏறலாம் என்றாயிற்று. ஊரார் ஏரியின் சமூக வரலாற்றில் 1863ஐவிட இந்த ஆண்டே முக்கியம் என்பது எம் எண்ணம். ஒரு சிலரின் மாலைப் பொழுதுக்காக எழுந்த கரையின் பயனாளிகள் அன்றிலிருந்து எண்ணற்றோர் ஆயினர். பயனாளிகள் பெருகியதோடு காப்பாளர்களும் பெருகினார்களா என்பது வேறு கேள்வி. கட்டணம் கொடுத்து அரைமணி நேரம் மிதந்துவிட்டுப் போகிறவருக்குக் கரையில் விரிசல் விட்டால் என்ன?

அவ்வாறு விட்டுவிட்டால் என்ன நேரும் என்பதற்கு உதகமண்டலம் அருகிலேயே இருக்கிறது. ஜான் சலிவன் 1823இல் தொடங்கி 1825இல் முடித்த உதகை ஏரி, கொடைக்கானல் ஏரியைவிட ஏறத்தாழ நாற்பது ஆண்டு மூத்தது. அதன் பரப்பு காலப்போக்கில் சுருங்கியது. குதிரைப் பந்தயத் திடலும் பேருந்து நிலையமும் நிற்கும் நிலம் முன்பு ஏரியின் மடியாக இருந்தது. கொடைக்கானலுக்கும் தன் பங்குக்குத் துயரங்கள் உண்டு. 2001இல் மூடப்பட்ட வெப்பமானித் தொழிற்சாலை ஒன்றிலிருந்து பரவிய பாதரசத்தின் தடயத்தை, ஏரியின் அடிவண்டலிலும் மீன்களிலும் ஆய்வாளர்கள் கண்டறிந்து 2006இல் வெளியிட்டனர். வற்றாத ஏரி எதையும் மறப்பதில்லை. அடியில் சேர்ந்தது அடியிலேயே இருக்கிறது. மத்திய அரசின் தேசிய ஏரிகள் பாதுகாப்புத் திட்டத்தில் உதகை, கொடைக்கானல் ஏரிகள் இரண்டும் பின்னர் இடம்பெற்றன. படகுக்காக ஒருவர் தம் பையிலிருந்து தொடங்கிய செலவு இவ்வாறு பொதுக் கருவூலத்தின் செலவாக மாறியது.

இங்கே எலெக்ட்ரானிக் சிட்டி வாசகர்கள் தம் சன்னல் வழியே ஒருமுறை வெளியே பார்க்கலாம். 1978இல் கர்நாடக அரசு நிறுவனமான கியோனிக்ஸ், கோணப்பன அக்ரஹாரம், தொட்டதோகூர் ஆகிய ஊர்களின் நிலத்தில் 332 ஏக்கரில் இத்தொழில் நகரை அமைத்தது. சுற்றிலும் உள்ள சிற்றூர்கள் யாவும் ஏரியூர்கள். ஹெப்பகோடி, ஹுஸ்கூர், முத்தாநல்லூர் என்று கிழக்கே போகப் போக ஏரிகளைக் காணலாம். முத்தாநல்லூர்ப் பக்கத்து ஏரித் தொடரின் உபரிநீர் தென்பெண்ணையாற்றை அடைந்து ஓசூர் வழியாகத் தமிழகத்துக்குள் செல்கிறது. கன்னடத்தில் ஏரி கெரெ, கலிங்கு கோடி. பெயர்கள்தாம் வேறு, அமைப்பு நம்முடையதேதான். அவற்றுள் எதுவும் படகுக்காகக் கட்டியதன்று. ராகிக்கும் நெல்லுக்கும் கட்டியவை.

ஆனால் ஆயக்கட்டு எங்கே? வயல் இருந்த இடத்தில் அலுவலகமும் அடுக்குமாடியும் நிற்கின்றன. மதகைத் திறக்க ஆளில்லை. திறந்தாலும் பாய நிலமில்லை. வீட்டுக் கழிவுநீர் ஆண்டு முழுவதும் வந்துகொண்டிருப்பதால் பல ஏரிகள் கோடையிலும் வற்றுவதில்லை. அதாவது, யாரும் திட்டமிடாமலேயே இப்பகுதிப் பாசன ஏரிகள் பல கொடைக்கானல் ஏரியைப் போல ஆகிவிட்டன. நீர் எப்போதும் ஒரே மட்டத்தில் நிற்கிறது, வண்டல் அள்ள எவரும் வருவதில்லை, பயன் என்பது பார்ப்பதும் கரையில் நடப்பதும் மட்டுமே. படகுதான் இல்லை. பார்வைக்கும் நடைக்கும் தீர்வை விதிக்க இயலாது. ஆகவே ஆயக்கட்டுதாரர் இருந்த நாற்காலி காலியாகக் கிடக்கிறது.

அந்த நாற்காலியில் அமர முன்வந்தவர்களும் உண்டு. ஜே.பி. நகரை அடுத்த புட்டேனஹள்ளியில் அக்கம்பக்கத்துக் குடியிருப்போர் 2010இல் ஓர் அறக்கட்டளையை அமைத்துத் தம் சிறிய ஏரியைக் கவனிக்கத் தொடங்கினர். மழைநீர் வரும் வழிகள் அடைபட்டுப் போனதால், அருகிலுள்ள அடுக்குமாடிக் குடியிருப்பில் சுத்திகரித்த நீரை ஏரிக்கு விட ஏற்பாடாயிற்று. சர்ஜாபூர்ச் சாலையின் கைக்கொண்டனஹள்ளி ஏரியிலும் குடியிருப்போரும் மாநகராட்சியும் சேர்ந்து செய்த சீரமைப்பு நன்கு அறியப்பட்டது. ஹெப்பகோடி ஏரியை ஒரு தொழில் நிறுவனத்தின் அறக்கட்டளை தூய்மைப்படுத்த முனைந்தது. இவை எல்லாம் முழு வெற்றி என்று சொல்வதற்கில்லை. களை திரும்ப வளரும். கழிவு வேறொரு குழாயில் வந்து சேரும். ஒருமுறை கொடுக்கும் நன்கொடையால் ஏரி நிலைப்பதில்லை. ஆண்டுதோறும் வரும் சிறு தொகையும், ஆண்டுதோறும் வந்து பார்க்கும் சில கண்களும் இருந்தால்தான் கரை நிற்கிறது. அசலைத் தொடாமல் வட்டியில் நடத்தும் அறக்கட்டளைகளைப் பற்றி இவ்விதழின் வாசகர்களுக்கு விளக்க வேண்டியதில்லை.

கொடைக்கானலில் வேறொரு கணக்கும் தொடங்கியிருக்கிறது. ஒரு மலையூர் எத்தனை வாகனங்களைத் தாங்கும் என்ற கேள்வியைச் சென்னை உயர் நீதிமன்றம் எழுப்பியது. அதன் ஆணைப்படி 2024 மே 7 முதல் உதகைக்கும் கொடைக்கானலுக்கும் செல்லும் வாகனங்களுக்கு இ-பாஸ் கட்டாயமாயிற்று. தாங்குதிறனை ஆராயும் பணி சென்னை ஐஐடியிடமும் பெங்களூர் ஐஐஎம்மிடமும் தரப்பட்டது. இரண்டாவது நிறுவனம் எலெக்ட்ரானிக் சிட்டிக்கு வடமேற்கே, பன்னேர்கட்டாச் சாலையில்தான் இருக்கிறது. பயணிகள் புறப்படும் ஊரிலேயே அவர்களை எண்ணும் கணக்கும் நடக்கிறது. 2025 ஏப்ரலில் உச்சவரம்பும் வந்தது. கோடைக்காலத்தில் கொடைக்கானலுக்கு வார நாள்களில் 4,000 வாகனங்கள், வார இறுதியில் 6,000. லெவிஞ்ச் ஒரே ஒரு படகைக் கொண்டுவருவதற்கே எத்தனை பேர் வியர்த்தார்களோ!

போக விரும்புவோர், விதிமுறைகள் அவ்வப்போது மாறுவதால், புறப்படுமுன் இ-பாஸ் விவரத்தைச் சரிபார்த்துக்கொள்வது நலம். எலெக்ட்ரானிக் சிட்டியிலிருந்து ஓசூர், கிருஷ்ணகிரி, சேலம், கரூர், திண்டுக்கல், வத்தலக்குண்டு வழியாக ஏறத்தாழ 450 கிலோமீட்டர். மலைச்சாலையில், ஊருக்கு 8 கிலோமீட்டர் முன்னதாக, வெள்ளி அருவி சுமார் 180 அடி உயரத்திலிருந்து சாலையோரம் விழுகிறது. வண்டியை நிறுத்திப் படம் எடுத்துக்கொள்ளாதவர் அரிது. அது ஏரியிலிருந்து வழிந்துவரும் நீர். மழைக்காலத்தில் அருவி பேரிரைச்சலோடு விழுந்தால், மேலே கரை நிறைந்து கலிங்கு வழிகிறதென்று தெரிந்துகொள்ளலாம்.